கால் சுற்று

பட்டியலில் அதற்குப் பெயர் வெறும் எண்.
எண்ணுக்குப் பின்னால் ‘நெபுலா’,
அதற்கும் பின்னால் ஒரு கேள்விக்குறி.
யாரோ, எந்த நாட்டிலோ, ஐம்பது வருசத்துக்கு முன்
சந்தேகப்பட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.

மாசி மாதம் அப்புத்தளையில்
விடிய நாலு மணிக்குத் தெற்கு திறந்து கிடக்கும்.
மலை அங்கே சட்டென்று முடிகிறது.
கீழே வெல்லவாய விளக்குகள்.
மேலே தேளின் கொடுக்கு, மூலம்,
அதற்குக் கிழக்கே மூன்று விரல் தள்ளி என் எண்.

ஃபெக்டரியில் இரவு எலக்ட்ரீஷியன் நான்.
தண்ணீர்த் தொட்டியின் கொங்கிறீட் மூடியில்
முக்காலியை நிறுத்த அரைமணி நேரம் கிடைக்கும்.
கமெராவின் நெஞ்சைத் திறந்து
சிவப்பை மறிக்கும் கண்ணாடியைக் கழற்றித் தந்தவன்
வெலிமடையில் போன் திருத்தும் ரிப்கான்.
வில்லையின் முன்னால் கீறல் கண்ணாடி,
மில்லிமீற்றருக்கு நூறு கோடு.

சல்லடை என்று சொல்ல வாய் வரும்.
பி.ஓ.பி.யும் டஸ்டும் பிரிகிற இடத்தில் நிற்பவன் நான்;
சல்லடை ஒன்றை நிறுத்தும், ஒன்றைக் கீழே விடும்.
இது எதையும் விடுவதில்லை.
நட்சத்திரத்தைப் பிடித்து நாடாவாக இழுக்கிறது,
ஊதாவிலிருந்து சிவப்பு வரை.
கோள் நெபுலா மட்டும் இழுபடாது.
அத்தனை நாடாக்களுக்கும் நடுவே
புள்ளியாகவே வந்து நிற்கும், பச்சையாக,
இரண்டு இலத்திரன் பறிகொடுத்த ஒட்சிசன்.
கோளுக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது.
பழைய தொலைநோக்கியில் வட்டமாகத் தெரிந்ததாம்;
பிழை என்று தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை.
இந்தியாவைப் பார்த்திராத எனக்கும்
குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

முதல் இரவு.
பால்மா டின்னில் ஊசித்துளை,
உள்ளே எரியும் டெஸ்டரின் நியோன்.
அந்தச் செம்மஞ்சள் கோடுகளை வைத்து அளந்தேன்.
நாடாவின் மேல் ஒரு பொட்டு.
ஐந்நூற்றொன்று நானோமீற்றர்.
ஒட்சிசன்! கை நடுங்கிப் படம் அனுப்பினேன்.

“நாடாவும் இருக்கு, பொட்டும் இருக்கா?” என்றான் ரிப்கான்.
“உள்ளே செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம், அதன் நாடா,”
என்று வாதாடினேன்.
ஆசைக்கு எப்போதும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.
“கீறல் கண்ணாடியைக் கால் சுற்று திருப்பிப் பார் மச்சான்.
கோடு என்றால் நாடாவோடு திரும்பும்.”

அதற்குள் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறிவிட்டது.
பதினோரு இரவு.
வெலிமடையில் வெளி வானம், இங்கே பால்.
ஒருநாள் பெல்ட் அறுந்தது, ஒருநாள் கரண்ட் இல்லை,
மிச்ச நாளெல்லாம்
தொட்டி மூடியில் ஈரத்தை மட்டும் துடைத்துவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டாவது இரவு திருப்பினேன்.
நாடா திரும்பியது.
பொட்டு திரும்பவில்லை.

இருந்த இடத்திலேயே இருந்தது,
எண்கூட இல்லாத ஒரு மங்கல் நட்சத்திரம்.
என் நாடா குறுக்கே விழுந்தது அதன் குற்றமா?

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.
பிறகுதான் திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.
முதல் இரவில் பச்சையையே பார்த்துக்கொண்டு
படச்சட்டத்துக்கு வெளியே விட்டிருந்த சிவப்பு முனையில்
ஒரு முடிச்சு.
மறுபடி திருப்பினேன், கூடவே வந்தது.
இன்னும் கொஞ்சம். அப்போதும் வந்தது.
அறுநூற்று ஐம்பத்தாறு. ஐதரசன்.

நெபுலா இல்லை. சாகவும் இல்லை.
தன் வேகம் தாங்காமல் சுழன்று சுழன்று
இடுப்பைச் சுற்றி வாயுவை எறிந்துகொண்டிருக்கும்
சூடான, நீல, முரட்டு நட்சத்திரம்.
உமிழ்வுக்கோட்டு வகை என்று கொப்பியில் எழுதினேன்.
கேள்விக்குறியை அடித்தேன்.
பக்கத்து மங்கலுக்கும் ஒரு வரி எழுதினேன்:
“இதுவும் இருக்கிறது.”

“கவலையா?” என்று கேட்டான் ரிப்கான்.
சங்கு ஊதியது. பதில் அனுப்பவில்லை.
கொழுந்து வாட்டும் தட்டின் மூன்றாம் விசிறி நின்றிருந்தது.
அதே டெஸ்டரை வயரில் வைத்தேன்.
எரிந்தது,
ஐந்நூற்று எண்பத்தைந்து, அறுநூற்று நாற்பது,
கரண்ட் இருக்கிறது,
மோட்டார்தான் போயிருக்கிறது.